இரண்டு கிகாஹெர்ட்ஸ் குடும்பம்

2001-ல் ஒரு வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்திருக்கிறது என்றால், என்ன கம்ப்யூட்டர் என்று யாரும் கேட்கமாட்டார்கள். "எவ்ளோ?" என்பார்கள். விலையைக் கேட்கிறார்கள் என்று நினைத்து வெகுளியாகப் பதில் சொன்னவர்கள் உண்டு. கேட்டது கிகாஹெர்ட்ஸை. "ஒன் பாயின்ட் ஃபைவ்" என்றால் பரவாயில்லை என்கிற மாதிரி ஒரு தலையாட்டல். "டூ" என்றால் அந்த வீட்டுக்குத் தனி மரியாதை.

அந்த வருஷக் கடைசியில் சித்தப்பா தன் மகனுக்குக் கம்ப்யூட்டர் வாங்கக் கிளம்பினார். பையன் இன்ஜினியரிங் முதல் வருஷம். உறவில் எனக்குக் 'கம்ப்யூட்டர் தெரிஞ்ச பையன்' என்று ஒரு பட்டம் கட்டியிருந்தார்கள், சம்பளமில்லாத உத்தியோகம். சென்னையில் கம்ப்யூட்டர் என்றால் ரிச்சி தெருதான். மவுண்ட் ரோட்டிலிருந்து திரும்பி நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று சுற்றினால், மாடிப்படிக்கு அடியில் இருக்கும் கடைகூட ஒரு துண்டுச் சீட்டில் கொட்டேஷன் எழுதிக் கொடுக்கும். போர்டு, ராம், ஹார்ட் டிஸ்க், கேபினெட், மானிட்டர் என்று வரிசையாகப் போகும் அந்தச் சீட்டில் முதல் வரி மட்டும் இரண்டு விதமாக இருந்தது: பென்டியம் 4 அல்லது அத்லான் எக்ஸ்பி.

"அத்லானா? அது என்னடா, மாத்திரை பேர் மாதிரி?" என்றார் சித்தப்பா.

கடைக்காரர் நியாயமான மனுஷர். "சார், காசும் கம்மி, வேகமும் ஜாஸ்தி" என்றார். சித்தப்பாவின் சந்தேகம் அந்த இடத்தில்தான் உறுதிப்பட்டது. காசு கம்மியாக இருக்கிற சாமான் எப்படி வேகம் ஜாஸ்தியாக இருக்கும்? இதில் ஏதோ இருக்கிறது.

விஷயம் என்னவென்றால், கடைக்காரர் சொன்னது உண்மை. பென்டியம் 4 வந்தது 2000 நவம்பரில். ஒரு வேலையை 20 கட்டங்களாக நறுக்கி, ஒவ்வொரு கட்டத்தையும் சின்னதாக்கி, அதன் மூலம் கிகாஹெர்ட்ஸை ஏற்றுவதுதான் இன்டெல் செய்த வடிவமைப்பு. அத்லானில் கட்டங்கள் பத்துதான். குட்டி குட்டியாக அடி வைத்து வேகமாக நடப்பவரும் நிதானமாக நீள அடி வைப்பவரும் ஒன்றாகக் கோயிலுக்குக் கிளம்பினால், யார் அதிக அடி வைத்தார் என்று எண்ணி என்ன பயன்? யார் முதலில் போய்ச் சேர்ந்தார் என்பதல்லவா கணக்கு? 1.5 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 வந்த புதிதிலேயே ஆபீஸ் வேலைகள் பலவற்றில் 1.2 கிகாஹெர்ட்ஸ் அத்லான் அதை முந்தியது. வீடியோ என்கோடிங், குவேக் 3 போன்ற சிலவற்றில் பென்டியம் ஜெயித்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் அடியை எண்ணும் ஊரில் நீள அடிக்காரருக்கு மதிப்பில்லை. அத்லானைச் செய்த ஏஎம்டி ஒரு வழி கண்டுபிடித்தது. 2001 அக்டோபரில் வந்த அத்லான் எக்ஸ்பியில் கிகாஹெர்ட்ஸையே பெயரிலிருந்து எடுத்துவிட்டு 1500+, 1600+, 1700+, 1800+ என்று நம்பர் போட்டது. 1800+ ஓடியது 1.53 கிகாஹெர்ட்ஸில். இந்த நம்பர் எங்கள் பழைய அத்லானோடு ஒப்பிட்டுப் போட்டது என்று கம்பெனி சத்தியம் செய்தது. பென்டியம் 4-ஓடு ஒப்பிட்டது என்றுதான் உலகமே படித்தது. கம்பெனிக்கும் அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. மொத்த விலை 1800+க்கு 252 டாலர். இரண்டு மாதம் முன்பு வந்த 2 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4-க்கு அறிமுக விலை 562 டாலர்.

இதையெல்லாம் சித்தப்பாவிடம் ரிச்சி தெரு நடுவில் நின்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரிதான். சூடாகுமாமே?" என்றார்.

அந்தக் காலத்தில் ஏஎம்டி பற்றி ஒன்றுமே தெரியாதவருக்கும் தெரிந்த ஒரே விஷயம் அது. காரணமும் இருந்தது. அத்லானின் நடுவில் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சில்லு திறந்தபடி உட்கார்ந்திருக்கும், மூலைகளில் நாலு ரப்பர் பொட்டு. அதன்மேல் ஹீட் சிங்க்கை வைத்து, ஸ்க்ரூ டிரைவரால் கிளிப்பை அழுத்திச் சாக்கெட்டின் கொக்கியில் மாட்டவேண்டும். கொஞ்சம் சாய்ந்தால் சில்லின் மூலை உடையும். டிரைவர் வழுக்கினால் போர்டில் கோடு விழும். மாட்டுகிற பையன் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் அழுத்துவான். பென்டியம் 4-க்கு மேலே உலோக மூடி, பக்கத்தில் நெம்புகோல், ஒரு குழந்தை மாட்டலாம். அதே வருஷம் டாம்ஸ் ஹார்ட்வேர் என்ற இணையதளம் ஒரு வீடியோ போட்டது: ஓடும்போதே ஹீட் சிங்க்கைக் கழற்றினால் பென்டியம் 4 தானாக மெதுவாகி உயிரோடு இருந்தது, அத்லான் புகைந்தது. ஓடும் கம்ப்யூட்டரில் ஹீட் சிங்க்கை எந்தக் குடும்பம் கழற்றுகிறது என்று யாரும் கேட்கவில்லை. இரு கம்பெனிகளும் அச்சிட்ட வாட் கணக்கைப் பார்த்தால் (இருவர் அளவுகோலும் ஒன்றல்ல, இருந்தாலும்) 1800+க்கு 66. 2 கிகாஹெர்ட்ஸ் பென்டியத்துக்கு 75.

வந்தது பென்டியம் 4. மிச்சக் கதை அதற்கு மேல். அதோடு கொடுத்த போர்டு இன்டெல் 845 சிப்செட். அப்போதைக்கு அதில் பழைய எஸ்டி ராம்தான் போடமுடியும். பென்டியம் 4-இன் பஸ் நொடிக்கு 3.2 ஜிபி கேட்கும். அந்த ராம் கொடுப்பது ஒன்றுக்குச் சற்று மேல். பிராசஸர் என்ன செய்யும்? காத்திருக்கும். நொடிக்கு 200 கோடித் தடவை துடித்தபடி காத்திருக்கும். ராம் 128 எம்பி. அதன்மேல் புத்தம் புதிய விண்டோஸ் எக்ஸ்பி, அதன்மேல் ஒரு ஆன்டிவைரஸ். காலையில் ஆன் செய்துவிட்டுக் குளிக்கப் போனால், வரும்போது டெஸ்க்டாப் வந்திருக்கும்.

அந்த இயந்திரம் செய்த வேலைகளையும் குறித்துவைக்கலாம். வினாம்ப்பில் இளையராஜா. ஃப்ரீசெல். பரீட்சைக்கு முன் டர்போ சி, பழைய நீலத் திரை. அது சாதாரண 486-இலேயே சொகுசாக ஓடியது. சித்தப்பா மட்டும் விருந்தாளிகள் வந்தால் மை கம்ப்யூட்டரில் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் காட்டுவார். வேகத்தைக் கண்ணால் பார்க்கக்கூடிய ஒரே இடம் அதுதான்.

கிகாஹெர்ட்ஸ் கதை எப்படி முடிந்தது என்பதும் ஊரறிந்ததுதான். 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் வரும் வரும் என்று சொல்லி, 2004-ல் வராது என்றார்கள். அந்த அக்டோபரில் ஆர்லாண்டோவில் ஒரு மாநாட்டு மேடையில் இன்டெல் தலைமைச் செயல் அதிகாரி கிரெய்க் பாரெட், விளையாட்டாகத்தான், மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டார். 3.8-ஓடு நின்றது. அதே வருஷம் இன்டெலும் கிகாஹெர்ட்ஸைக் கீழே போட்டுவிட்டு 530, 540 என்று நம்பர் வைக்கத் தொடங்கியது. 2006-ல் கோர் 2 டுவோ வந்தபோது, இரண்டுக்கும் குறைந்த கிகாஹெர்ட்ஸில் ஓடி, மூன்றரையைத் தாண்டிய பழைய பென்டியங்களைத் தூக்கிச் சாப்பிட்டது.

இப்போது சித்தப்பா பேரன் காலேஜ் போகிறான். ரிச்சி தெருவுக்கெல்லாம் போவதில்லை. ஃபோனை நீட்டி, "பெரியப்பா, இதுல எது நல்லது?" என்கிறான். ஒரு லேப்டாப்பில் ரைசன் 5 5500யு. இன்னொன்றில் ரைசன் 5 7520யு. "ஏழாயிரம் பெருசுதானே?" பரம்பரை மாறவில்லை.

பெரியதுதான். 5500யு 2021-ல் வந்தது, ஆறு கோர். 7520யு அதற்குப் பிறகு வந்தது, நாலு கோர். இரண்டுக்கும் உள்ளே இருப்பது 2019-இன் ஸென் 2 வடிவமைப்பு. ஏஎம்டி மறைக்கவில்லை, ஏழாயிரம் வரிசை நம்பரைப் படிக்க ஒரு சக்கரமே வெளியிட்டது. முதல் இலக்கம் வருஷம், மூன்றாவது இலக்கம் வடிவமைப்பு. 7520-இல் மூன்றாவதாக நிற்கிற அந்த 2-தான் ஸென் 2. ஒரு காலத்தில் உள்ளே இருக்கும் திறமை வெளியே தெரியட்டும் என்று நம்பர் போட்ட கம்பெனி, உள்ளே இருக்கும் வயசு வெளியே தெரியாதிருக்கவும் நம்பர் போடக் கற்றுக்கொண்டது. 2023 கடைசியில் இன்டெல் இதைக் கிண்டலடித்து ஒரு விளக்கப் படத்தொகுப்பே போட்டது. அடுத்த மாதமே தன் பழைய ராப்டர் லேக் சில்லுகளுக்குக் கோர் 5, கோர் 7 என்று புதுப் பெயர் சூட்டி, 'சீரிஸ் 1' என்று விற்பனைக்கு அனுப்பியது. 2001-ல் யாருக்கு யார் வாத்தியார் என்று சொல்லமுடிந்தது, இப்போது முடியவில்லை.

பையனிடம் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். சித்தப்பாவின் 128 எம்பி போதாமல் போனபோது, ரிச்சி தெருவுக்கு ஒரு நடை போய் இன்னொரு 128 குச்சி வாங்கிச் செருகினோம். அன்றுதான் அந்தப் பென்டியம் 4 ஓடத் தொடங்கியது. 7520யு போட்ட லேப்டாப்பில் ராம் போர்டோடு ஈயம் வைத்து ஒட்டியிருக்கும். பிறகு ஏற்றமுடியாது. ஆகவே 8 ஜிபி உள்ளதை விலையைப் பார்த்து வாங்காதீர்கள். 16 இருக்கிறதா, இல்லையென்றால் ஏற்ற இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். ஏழாயிரம் வரிசை ரைசன் என்றால் பிராசஸர் பெயரில் மூன்றாவது இலக்கத்தையும் பாருங்கள்.