இழுவைன்னு சொன்ன பேராண்டிக்கு

ஏலே, அந்த ஜப்பான் படக்கதையைத் தூக்கிப் போட்டுட்டு, "இத்தனை பாகம் போயும் பய லவ்வைச் சொல்லலை, சுத்த இழுவை தாத்தா"ன்னு அலுத்துக்கிடுதியே, நீ எந்தப் பிள்ளைகிட்டப் போயி என்னத்தச் சொல்லிக் கிழிச்சிட்ட? பஸ் ஸ்டாப்புல அந்தப் பிள்ளை வந்ததும், சார்ஜ் செத்த போனைக் காதுல வச்சுக்கிட்டு "ஆங், சொல்லு மாப்ளே"ங்கவன்தான நீ.

'கிமி நி தொதோகே'யை உங்க அக்கா வாசிச்சுச் சொல்ல, படத்தைப் பாத்துக்கிட்டே முழுசாக் கேட்டவன் நான். கருஹோ ஷீனான்னு ஒரு அம்மா எழுதி வரைஞ்சது. 2005ல ஆரம்பிச்சு 2017 வரைக்கும் பத்திரிகையில வந்து 30 பாகமா நிக்கி. அந்தம்மாவுக்கு ஒரு அவசரமும் கிடையாது. உனக்குத்தான் பஸ்ஸு போவுது.

கதாநாயகி சவாகோவைப் பாரு. நீளக் கருப்பு முடி, வெளுத்த மூஞ்சி. 'ரிங்' படத்துப் பேய் சதாகோ மாதிரி இருக்கான்னு பேரையே மாத்திட்டானுவ. மூணு செகண்டு அவ கண்ணைப் பாத்தா சாபம் பிடிக்குமாம். நீயா இருந்தா பள்ளிக்கூடத்துக்கே முழுக்குப் போட்டிருப்ப. அவ, ராத்திரி பேய் விளையாட்டு வச்சப்ப, நானே பேயா நிக்கேன்னு சந்தோஷமா முன்னால வாரா, நாலு பேருக்கு உதவியா இருக்கட்டும்னு! சிரிச்சுப் பழகணும்னு முயற்சி பண்ணுவா பாரு, அந்தச் சிரிப்பைப் பாத்தா பேயே ஓடிப்போவும்.

கசெஹாயா பய வகுப்புக்கே செல்லப்பிள்ளை. பள்ளிக்கூடம் திறந்த அன்னைக்கு வழி தெரியாம நின்னவனுக்கு அவ வழி சொல்லிச் சிரிச்சா, அங்கனயே கவுந்துட்டான். அவன் ஒரு வார்த்தை பேசுனதும் இவ மலந்துட்டான்னு நீ நினைக்க. போடா பொசகெட்ட பயலே. அவ மலந்தது கழிப்பறையிலல்லா!

சவாகோவுக்கு சிசு, யானோன்னு ரெண்டு சேக்காளிக. அவளுகளைப் பத்தி அசிங்கமா வதந்தி. கிளப்புனதே சவாகோதான்னு அதுக்கு மேல ஒரு வதந்தி. என்னால அவளுகளுக்குக் கெட்ட பேரு வேண்டாம்னு இவ ஒதுங்கி ஒதுங்கிப் போறா. அது நல்லகுணம் இல்லலே, பயம். அப்புறம் கழிப்பறையில சில பிள்ளைக அந்த ரெண்டு பேரையும் கேவலமாப் பேசுது. தன்னைப் பேசுனப்பல்லாம் வாய் திறக்காதவ அங்க மல்லுக்கு நின்னு, சொன்னதைத் திருப்பி வாங்குங்கடிங்கா. அந்தப் பக்கத்துல கசெஹாயாவைத் தேடுனா காங்க மாட்ட.

அதுக்குப் பெறவுதான் குருமி வாரா, பொம்மை கணக்கா. வதந்திக்கு வேரே இவதான். கசெஹாயா மேல எனக்கு ஆசை, ஒத்தாசை பண்ணுன்னு கேக்கா. யாரு எதைக் கேட்டாலும் தலையாட்டுத சவாகோ, இதுக்கு மாட்டேன்னுட்டா. உனக்கு ஒருத்தன் பரோட்டா வாங்கித் தந்தா அவன் லெட்டரை நீயே கொண்டு குடுப்ப.

அதுக்காக ஒரே நாள்ல வீராங்கனை ஆயிரலை. காதலர் தினத்துக்கு மத்தவங்களுக்கெல்லாம் சாக்லெட் குடுத்துட்டு, குடுக்கவேண்டியவனுக்குக் குடுக்க முடியாம நின்னாளே! அவனும் லேசுப்பட்ட மூதி இல்ல. ஊருக்கு நல்லவன், ஆனா பொறாமைன்னு வந்துட்டா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிடுதான். அவளுக்கு என்மேல நினைப்பே இல்லன்னு இவனா ஒண்ணு முடிவு கட்டிக்கிடுதான், அவளும் அப்படியே. ரெண்டாம் வருசப் பள்ளி விழாவுலதான் வாயைத் திறந்து சொல்லுதாவ.

சொன்னதோட கதை முடிஞ்சிருக்கணும்லா? பாதிகூட ஆவலை. மேல என்ன படிக்க, எந்த ஊருக்குப் போவன்னு அதுக்கப்புறமும் கிடக்கு. டீச்சர் ஆவணும்னு சவாகோ கிளம்புதா. கூட அதே காலேஜுக்குப் போறது யாரு தெரியுமா? அந்தக் குருமிதான்! என்னைக் கேட்டா, கசெஹாயாவைவிட அவதான் ரொம்ப தூரம் நடந்து வந்தவ. அவ வாரப் பக்கத்தையெல்லாம் "வில்லி"ன்னு சொல்லித் தள்ளிட்டுப் போனியாம்லா, உங்க அக்கா சொன்னா. அதை ஒழுங்காப் படிச்சிட்டு வந்து என்கிட்டப் பேசு.