செயினில் ஏதோ சத்தம்

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை நாலரைக்கு ஒருவன் எழுந்தால், வீட்டில் முகூர்த்தம் இருக்க வேண்டும் அல்லது ரயிலைப் பிடிக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் நான் எழுகிறேன். மனைவி முதல் மூன்று வாரம் கேள்வி கேட்டாள். நாலாவது வாரத்திலிருந்து போர்வையை இழுத்து மூடிக்கொள்கிறாள். அம்மா மட்டும் இன்னும் சந்தேகம் தீராமல் கேட்கிறாள்: "ஏன்டா, ஏற்காட்டுக்கு பஸ்ஸை நிறுத்திட்டாங்களா?"

சைக்கிளில் ஏற்காடு ஏறுகிறவர்கள் நாங்கள் ஐந்து பேர். ஒரு பல் டாக்டர், ஒரு பேங்க் மேனேஜர், செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் அண்ணன், ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் பையன், நான். பையனைக் கழித்துவிட்டால் சராசரி வயது ஐம்பதைத் தொடும். கூட்டினாலும் பெரிய வித்தியாசம் வராது.

கூடும் இடம் ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு. 1935இல் டி.ஆர். சுந்தரம் தொடங்கிய ஸ்டூடியோ. முதல் மலையாளப் பேசும் படமான 'பாலன்', தமிழின் முதல் முழுநீளக் கலர்ப் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' எல்லாம் இங்கே உருவானவைதான். இப்போது நுழைவு வளைவு மட்டும் நிற்கிறது. நேரம் தவறினால் எப்பேர்ப்பட்ட நடிகரையும் முதலாளி சும்மா விடமாட்டார் என்று சேலத்தில் இன்னும் சொல்வார்கள். அவர் வாசலில் ஐந்து மணிக்குக் கூடுவதாகச் சொல்லிவிட்டு ஐந்தே முக்காலுக்கு ஒவ்வொருவராக வந்து சேர்கிறோம். சேர்ந்ததும் முதல் காரியமாக வளைவுக்கு முன்னால் நின்று போட்டோ எடுக்கிறோம். கிளம்புவதற்கு முன்பே நின்ற முதல் பயணக் குழு எங்களுடையதாகத்தான் இருக்கும்.

கோரிமேடு தாண்டி அடிவாரம் வரை யாருக்கும் பிரச்சினை கிடையாது. பெட்ரோல் விலை, பையனின் கல்யாணம் என்று பேச்சு நன்றாக ஓடும். அடிவாரத்துக்கு அப்புறம் பேச்சு படிப்படியாகக் குறையும். சேலம் கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டருக்குள். ஏற்காடு 1,515 மீட்டர். நடுவில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஊரில் கொண்டை போடுகிறவர்கள் குறைந்துபோனார்கள், ஊசியும் போயிற்று, வளைவு மட்டும் அப்படியே இருக்கிறது. இத்தனையாவது வளைவு என்று ஒவ்வொன்றிலும் பலகை வைத்திருக்கிறார்கள். காரில் போகிறவர்களுக்கு அது தகவல். எங்களுக்கு அது வட்டிக் கணக்கு.

இங்கே ஒரு விஷயத்தைச் சத்தியம் பண்ணிச் சொல்கிறேன். எங்கள் குழுவில் இதுவரை யாரும் களைத்துப்போனதில்லை. "மூச்சு வாங்குது, கொஞ்சம் நிக்கலாம்" என்ற வாக்கியத்தை இந்த மலை எங்கள் வாயிலிருந்து கேட்டதே கிடையாது. ஆனாலும் நிற்கிறோம். அடிக்கடி நிற்கிறோம். ஒவ்வொரு முறையும் அதற்குத் தக்க காரணம் இருக்கிறது.

பல் டாக்டருக்குத் தாவரவியல். ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வுத்துறையின் ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது. ஒருமுறை அதைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து எந்த மரத்துக் கிளையில் பச்சையாக எது ஒட்டியிருந்தாலும் அவருக்கு அது அபூர்வ ஆர்க்கிட். சைக்கிளைச் சாய்த்துவிட்டு, நோயாளியின் கடைவாயைப் பார்ப்பதுபோல அண்ணாந்து பார்ப்பார். அந்த அபூர்வச் செடிகள் எல்லாமே மேடு செங்குத்தாகும் இடத்தில்தான் முளைக்கின்றன என்பதை நான் கவனித்திருக்கிறேன்.

மேனேஜருக்கு போன் வரும். "ஒரு நிமிஷம் சார், ஹெட் ஆபீஸ்" என்று ஓரமாக நின்று பேசுவார். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு எந்த ஹெட் ஆபீஸ் என்று நாங்கள் கேட்பதில்லை. அந்த இடத்தில் சிக்னல் கிடையாது என்றும் சொல்வதில்லை.

பட்டறை அண்ணன் சீட்டைச் சரிசெய்வார். "ஒரு நூல் ஏத்தணும்" என்று ஸ்பேனரை எடுப்பார். அடுத்த வளைவில் அதே ஒரு நூலை இறக்குவார். வெள்ளியை மில்லிகிராம் கணக்கில் நிறுத்துப் பழகிய மனிதர். நூற்றிருபது கிராம் குறையும் என்பதற்காக சீட்டுக் கம்பியைப் பல ஆயிரம் கொடுத்து மாற்றினார். அன்றைக்கே திரும்பும் வழியில் தட்டுவடை செட் மூன்று தட்டு சாப்பிட்டார். அதை யாரும் நிறுத்துப் பார்க்கவில்லை.

என் காரணம் காட்சி. "அடடா, ஊர் எப்படித் தெரியுது பாருங்க" என்று போனை எடுத்துவிடுவேன். என் போனில் மலையிலிருந்து எடுத்த சேலத்தின் படங்கள் நானூறுக்கு மேல் இருக்கின்றன. முக்கால்வாசியில் பனிமூட்டம் மட்டும்தான். ஒன்றில் குரங்கின் கை. என் பேரீச்சம்பழப் பொட்டலத்தை அது எடுத்துக்கொண்ட தருணம் அது. பத்து வயதில் வாடகை சைக்கிள் எடுத்து, பாருக்கு அடியில் காலை நுழைத்துக் குரங்குப் பெடல் அடித்தவன் நான். பழைய உறவு, அதனால் மன்னித்துவிட்டேன்.

இப்படி நிற்பதில் எங்களுக்கு எந்தக் கூச்சமும் இல்லை. இந்த மலையின் மரபே அதுதான். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காப்பியைக் கொண்டுவந்தார். அவருக்குப் பின்னால் வெள்ளைக்காரர்கள் வரிசையாக ஏறி வந்தார்கள். வந்தவர்கள் வைத்துவிட்டுப் போன பெயர்களைப் பாருங்கள்: லேடீஸ் சீட், ஜென்ட்ஸ் சீட், சில்ட்ரன்ஸ் சீட். மேலே வந்ததும் குடும்பத்தோடு உட்கார்ந்திருக்கிறார்கள். உட்கார்ந்ததை ஒத்துக்கொள்ளாமல் காட்சிமுனை என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு முன்னோடிகள்.

நிற்பதற்கு ஓரத்தைத் தேர்ந்தெடுப்பதும் ஒரு கலை. ஏற்காடு பஸ் வளைவில் திரும்பும்போது ஜன்னலுக்கு நேராக நிற்கக் கூடாது. எட்டாவது வளைவுக்குமேல் பயணிகளின் வயிறு யாருடைய கட்டுப்பாட்டிலும் இருக்காது. மேனேஜர் இதை அனுபவத்தில் கற்றார். அன்றைக்கு அவருக்கு உண்மையிலேயே வீட்டுக்கு போன் பண்ண வேண்டியிருந்தது, சிக்னல் கிடைக்கவில்லை.

2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தை நிறுத்தினார்கள். ஐந்து பேரும் ஒருவருக்கொருவர் போன் பண்ணி வருத்தம் தெரிவித்துக்கொண்டோம். அத்தனை தெளிவான, மூச்சு இரைக்காத குரல்களை நாங்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் கேட்டதே இல்லை.

மேலே போய் ஏரியைச் சுற்றிவிட்டு டீ குடித்ததும் ஊருக்குத் திரும்பிவிடலாம். ஆனால் வைத்திருப்பது மவுண்டன் பைக். தார் ரோட்டிலேயே திரும்பினால் டயரில் இருக்கும் பட்டன்களுக்கு அவமானம் என்று பையன் சொல்வான். ஆகவே நாகலூர்ப் பக்கம் மண்பாதை. இரண்டு பக்கமும் காப்பிச் செடி, மேலே சில்வர் ஓக், அதில் சுற்றிய மிளகுக் கொடி. ஏப்ரல் மழைக்குப் பிறகு காப்பி பூத்திருக்கும்போது போனால் மல்லிகைப் பந்தலுக்குள் ஓட்டுவதுபோல இருக்கும். அந்த வாசனையை மிக நெருக்கமாக, தரையோடு தரையாக, செடிக்குள் விழுந்தே அனுபவித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

மவுண்டன் பைக்கில் ஆகச் சின்ன கியருக்குப் பாட்டி கியர் என்று பெயர். நான் வைத்ததல்ல, உலகம் முழுக்க அப்படித்தான் சொல்கிறார்கள். முன்னால் 22 பல், பின்னால் 34 பல். பெடலை முழுதாக ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி ஒன்றரை மீட்டர்கூட நகராது. நிமிடத்துக்கு ஐம்பது சுற்று மிதித்தால் மணிக்கு நாலு கிலோமீட்டர் சொச்சம். கால் மட்டும் தையல் மெஷின்போல ஓடிக்கொண்டிருக்கும். பக்கத்துச் செடி பக்கத்திலேயே இருக்கும்.

அந்தக் கியரில் ஒரு மேட்டில் ஏறிக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து ஒரு நிஜப் பாட்டி வந்தார். தலையில் விறகுக் கட்டு. மலைக்கிராமத்துக்காரர். செருப்பு இல்லை. ஒரே சீராக நடந்து என் பக்கத்தில் வந்தார், கொஞ்ச நேரம் கூடவே நடந்தார். கல்யாண ஊர்வலத்தில் குதிரைக்குப் பக்கத்தில் நடப்பவர்போல.

"எறங்கித் தள்ளுனா வெரசாப் போயிரலாமே, தம்பி?"

எனக்குப் பதில் இருந்தது. பேசத்தான் மூச்சு இல்லை. அவர் தலையை ஆட்டிவிட்டு, வேகத்தைக் கூட்டாமலேயே என்னைத் தாண்டிப் போனார். பாட்டி கியர் என்ற பெயரைப் பட்டப்பெயர் என்று நினைத்திருந்தேன். அது வெறும் ஆசை.

இறங்குவது குப்பனூர் வழியாக. இறக்கத்தில் நிற்க என்ன காரணம் இருக்க முடியும் என்று நினைப்பீர்கள். பயம் இருக்கிறது, ஆனால் சொல்ல முடியாது. "டிஸ்க் சூடாயிருச்சு, ஆறட்டும்" என்போம். இதற்கும் வரலாற்றில் கௌரவமான இடம் உண்டு. 1976இல் கலிபோர்னியாவில் சில இளைஞர்கள் பழைய கனத்த சைக்கிள்களைக் குன்றின்மேல் ஏற்றி, மண்பாதையில் உருட்டிவிட்டுப் பந்தயம் வைத்தார்கள். மவுண்டன் பைக் பிறந்த கதையில் அந்தப் பந்தயத்துக்கு முக்கியமான பங்கு. பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் பிரேக். கீழே வருவதற்குள் ஹப்பில் இருந்த கிரீஸ் புகைந்து போய்விடும். பிரித்து மறுபடி கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். மறுபடி அடைப்பது என்று பொருள்படும் 'ரீபேக்' என்பதையே பந்தயத்துக்குப் பெயராக வைத்துவிட்டார்கள். நிற்பதற்கான காரணத்தைக் கொடிபோல உயர்த்திப் பிடித்தவர்கள். பட்டறை அண்ணனிடம் இதைச் சொன்னபோது கண் கலங்கினார்.

இத்தனை வாரத்திலும் எங்கும் நிற்காதவன் பையன் ஒருவன்தான். எங்களைத் தாண்டிப் போய், இருபதாவது வளைவில் காத்திருப்பான். நாங்கள் போய்ச் சேரும்போது வியர்வை காய்ந்து, யாருடனோ போனில் சிரித்துக்கொண்டிருப்பான். அவனுக்கு வேலை மாறியதும் இரவு ஷிப்ட் வந்ததும் எங்களுக்குத் தெரியும். போன வாரம் பதினான்காவது வளைவில் திரும்பினோம்; அவன் அங்கேயே நின்றுகொண்டிருந்தான். முகம் வெளுத்திருந்தது. நாங்கள் கேட்பதற்கு முன்பே சொன்னான்.

"செயின்ல ஏதோ சத்தம், அண்ணா."

நான் குனிந்து பார்த்தேன். நேற்று வாங்கியதுபோலப் பளபளவென்று செயின். எண்ணெய்கூட வழியாமல் போட்டிருந்தான். டாக்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மண்டியிட்டார். மேனேஜர் ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். பட்டறை அண்ணன் ஒவ்வொரு கண்ணியாக விரலால் தொட்டுத் தொட்டு நகர்ந்தார், கொலுசு பார்ப்பதுபோல. பத்து நிமிடம் ஆகியிருக்கும். பையனுக்கு மூச்சு சீராகி வந்தது.

"ஆமா தம்பி" என்றார் அண்ணன், அசையாமல் நின்றுகொண்டிருந்த சக்கரத்தில் காதை வைத்து. "சத்தம் நல்லாவே கேக்குது."