பனி சொன்ன சாட்சி

கேள்வி: பனிக்கட்டியை மாய்ந்து மாய்ந்து ஆராய்கிறார்களே, அதனால் நம் உடம்புக்கு என்ன லாபம்?

பதில்: பூமிக்கு வயது சுமார் 455 கோடி ஆண்டு என்று கணக்குச் சொன்ன அமெரிக்கர் கிளேர் பேட்டர்சன், 1960-களில் கிரீன்லாந்துப் பனியை அடுக்கடுக்காக ஆராய்ந்தார். பழைய அடுக்கைவிடப் புதியதில் நூற்றுக்கணக்கான மடங்கு ஈயம்! காரே ஓடாத ஊரில் அது ஏது? எஞ்சின் இடிக்காமலிருக்க பெட்ரோலில் கலந்த ஈயம், புகையாகிக் காற்றில் போனது. குழந்தைகளின் மூளையைப் பதம் பார்க்கும் சரக்கு அது. “ஈயம் இயற்கையிலேயே இருப்பதுதானே” என்று சாதித்தது அந்த ஈயத்தை விற்ற கம்பெனித் தரப்பு. பேட்டர்சனுக்கு எண்ணெய்த் தொழில்காரர்கள் தந்துவந்த ஆராய்ச்சிப் பணமும் நின்றது. பூமியின் வயதை எண்ணலாம், பெட்ரோலின் பாவத்தை எண்ணலாமோ! பெட்ரோலில் ஈயத்தைக் குறைத்ததும் பனியிலும் குறைந்தது. இந்தியா 2000-ல் ஈயப் பெட்ரோலைத் தலைமுழுகியது. கடைசி ஆளான அல்ஜீரியா 2021-ல். பனியை விலைக்கு வாங்க முடியவில்லை, பாவம்!