செல்... சொல்!

எந்த நெட்வொர்க் நல்ல நெட்வொர்க்? ஒரே வரியில் சொல்லவும்! (திண்டுக்கல் வாசகர்)

உங்கள் வீட்டுச் சமையலறையில் எடுப்பது!

என் அம்மாவின் ஊரில், மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியை ஒட்டி நின்றால்தான் என் போனில் குரல் கேட்கும். பக்கத்து வீட்டுப் பெரியவர் வேறு சிம் வைத்துக்கொண்டு திண்ணையில் சாய்ந்தபடியே பேசுவார். விளம்பரத்தை விடுங்கள், பக்கத்து வீட்டில் விசாரியுங்கள்.

பத்து வருஷமாக வைத்திருக்கும் நம்பராச்சே... கம்பெனி மாற மனசு வரவில்லையே? (கும்பகோணம் வாசகி)

எண்ணத்தை மாற்றுங்கள், எண் மாறாது!

2011 ஜனவரி 20 முதல் நாடு முழுக்க இருக்கும் உரிமை இது. 'போர்ட்' என்று ஆங்கிலத்தில் அடித்து, இடைவெளி விட்டு உங்கள் எண்ணைச் சேர்த்து, 1900-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள். ஒரு குறியீடு வரும். அதோடு புதுக் கம்பெனிக் கடைக்குப் போனால் போதும். 'செல்' என்றாலே 'போ' என்றுதானே அர்த்தம்!

200 மெகாபிக்சல் கேமரா போன் வாங்கலாமா? (நெல்லை வாசகர்)

எத்தனை வருஷத்துக்குப் பாதுகாப்பு அப்டேட் வரும் என்று கடைக்காரரைக் கேட்டீர்களா?

வங்கிக் கணக்கு முழுக்க அந்தப் போனுக்குள்தான் இருக்கிறது, ஐயா.

செகண்ட் ஹேண்ட் போன்..? (ஓசூர் வாசகர்)

முதலில் ஜாதகம் பாருங்கள்!

ஸ்டார், ஹேஷ், 06, ஹேஷ் அழுத்தினால் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் திரையில் வரும். 'கே.ஒய்.எம்.' என்று ஆங்கிலத்தில் அடித்து, இடைவெளி விட்டு அந்த எண்ணைச் சேர்த்து 14422-க்கு அனுப்புங்கள். பதில் வரும்வரை பர்ஸைத் திறக்காதீர்கள்.