புறங்கைத் தேன்

கேள்வி: கட்டற்ற மென்பொருள் குழுக்களின் வழிகாட்டிகள் சம்பளமே வாங்குவதில்லையே, அவர்கள் புறங்கையில் நக்குவதற்குத் தேன் ஏது?

பதில்: மூல நிரலை எவரும் படிக்கவும் மாற்றவும் இசைவளிக்கும் கட்டற்ற மென்பொருள் உலகில், பணம் வழிகாட்டியின் பைக்குள் போவதில்லையே தவிர, அவர் கைவழியாகத்தான் போகிறது. மாணவர்கள் இத்தகைய குழுக்களுக்கு நிரல் எழுதுவதற்காகக் கூகுள் 2005-இல் தொடங்கிய ‘சம்மர் ஆஃப் கோட்’ திட்டம் அவ்வாண்டு மாணவருக்கு 4,500 டாலரும், அவரைச் சேர்த்துக்கொண்ட குழுவுக்கு 500 டாலரும் ஒதுக்கியது. விண்ணப்பங்களைத் தரம் பிரிப்பவரும், பயிற்சி தருபவரும், தேர்ச்சியா தோல்வியா என்று எழுதி உதவித்தொகைக்கு வழிவிடுபவரும் பெரும்பாலும் ஒருவரே என்பதால், அவருடைய கல்லூரி மாணவரோ, அவர் அலுவலகத்துக்கு வேண்டிய வசதியை எழுதித்தர முன்வருபவரோ விண்ணப்பிக்கும்போது, கடமையும் ஆதாயமும் எதிரெதிரே இழுக்கும் நிலையாகிய நலமுரண் சத்தமின்றிப் பிறந்துவிடுகிறது. மாணவர் தோற்றால் வழிகாட்டியின் திறமையும் கேள்விக்குள்ளாகும் என்பது இதைவிட நுட்பமான முடிச்சு (தாமே சமைத்த குழம்பில் உப்புக் குறைவென்று தாமே தீர்ப்பெழுதுவோர் எந்த ஊரிலும் குறைவு). உறவை முன்கூட்டியே அறிவித்து, மதிப்பீட்டை வேறொருவரிடம் ஒப்படைப்பது எளிய மருந்துதான். ஆனால் இரண்டே பேர் பராமரிக்கும் மென்பொருளில் அந்த வேறொருவர், பெரும்பாலும், முதலாமவரின் நண்பர்.