‘இதர’ கோப்புறை: பல்கலைக்கழக ஆவணக் களஞ்சியத்தின் வலைமுகப்பை முன்வைத்து ஒரு நுண்ணாய்வு

பல்கலைக்கழக ஆவணக் களஞ்சியத்தில் வலைமுகப்பு வழியே கோப்புகளை வைத்தல், எடுத்தல், வைத்ததை மறத்தல் ஆகியவை குறித்துத் தமிழில் இதுகாறும் விரிவான ஆய்வு எதுவும் நிகழவில்லை. இந்த வாக்கியம் இல்லாமல் ஓர் ஆய்வேட்டைத் தொடங்க மரபில் இடமில்லை. நூலகத்துக்குப் போய்த் தேடினால் இது பொய்யாகிவிடக்கூடும். ஆகவே போகாதிருத்தலே நெறி.

ஆய்வெல்லை: அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகம் தன் ஆய்வாளர்களுக்காக நடத்திவரும் ‘ஸ்காலர்லி டேட்டா ஆர்க்கைவ்’. களம் உலாவிக்குள்ளேயே இருப்பதால் கள ஆய்வு தேவைப்படவில்லை, பயணப்படியும் கிடைக்கவில்லை. ப்ளூமிங்டன், இண்டியானாபொலிஸ் ஆகிய இரண்டு ஊர்களின் தரவு மையங்களில் காந்த நாடாக்கள் அடுக்கப்பட்டிருக்கின்றன. வைக்கும் கோப்புக்கு ஊருக்கொரு படி. இடையே சுமார் 80 கிலோமீட்டர் தூரம் இருப்பதால் ஓரூரில் தீயோ வெள்ளமோ வந்தாலும் மற்றோரூர்ப் படி பிழைத்திருக்கும். அடியில் ஓடுவது எச்.பி.எஸ்.எஸ். என்னும் மென்பொருள். ஐ.பி.எம். நிறுவனமும் அமெரிக்க எரிசக்தித் துறையின் தேசிய ஆய்வுக்கூடங்களும் 1992 முதல் கூடி வளர்த்தது அது. அணு ஆயுதக் கணக்குகளைப் போடும் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வுக்கூடம் எதை நம்பித் தன் தரவுகளை வைக்கிறதோ, அதை நம்பித்தான் துறைச் சுற்றுலாப் புகைப்படங்களும் வைக்கப்படுகின்றன.

முதன்மைச் சான்று: ஆய்வுக்கூடம் ஒன்றின் கணினித்திரையில், கீழோரத்தில், ஒட்டப்பட்டிருக்கும் மஞ்சள் ஒட்டுத்தாள் (இனி ‘ம.ஒ.’). துணைமைச் சான்று: களஞ்சியத்தாரே எழுதி வைத்திருக்கும் பயனர் கையேடு. கையேட்டை இதுவரை முழுமையாகப் படித்தவர் எவரும் அறியப்படாமையால் அது துணைமைச் சான்றாகவே கொள்ளப்படுகிறது.

கருதுகோள்: கோப்பு வைக்கப்படுவதற்கே; எடுக்கப்படுவதற்கன்று.

முதலில் உள்நுழைவு. பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்த பிறகு கைபேசியிலும் ஒருமுறை அழுத்தி, தாம் தாமே என்பதை ஆய்வாளர் மீண்டும் நிறுவவேண்டும். வாய்மொழித் தேர்வில்கூட இவ்வளவு கேட்பதில்லை.

உள்ளே போனவுடன் பட்டியல் தோன்றும். பெயர், அளவு, தேதி மூன்றும் தெளிவாகத் தெரியும். தத்துவச் சிக்கல் இங்கே தொடங்குகிறது. புதிதாக வந்த கோப்பு முதலில் வட்டில் தங்கும். பிறகு மென்பொருள் அதை நாடாவில் எழுதும். வட்டில் இடம் வேண்டிவரும்போது அங்குள்ள படியை நீக்கிவிடும். பட்டியலில் பெயர் மட்டும் நிற்கும். அதைச் சொடுக்கினால் இயந்திரக் கை ஒன்று அடுக்கிலிருந்து பேழையை உருவி, நாடா ஓட்டியில் செருகி, வேண்டிய இடம் வரும்வரை நாடாவைச் சுற்றவேண்டும். இன்று பரவலாக வழங்கும் எல்.டி.ஓ. வகையில் எட்டாம் தலைமுறைப் பேழை ஒன்றுக்குள் 960 மீட்டர் நாடா இருக்கிறது. 12 டெராபைட் கொள்ளும். நம் கோப்பு 900ஆம் மீட்டரில் படுத்திருந்தால் அதுவரைக்கும் ஓடித்தான் ஆகவேண்டும்.

அப்படியானால் பட்டியலில் காணும் கோப்பு உளதா, இலதா? உளது என்பர் ஒரு சாரார், பெயரும் அளவும் தேதியும் உடைமையால். இலது என்பர் மற்றொரு சாரார், திறக்கவில்லை ஆதலால். உளது, ஆனால் பொறு என்பது கணினி மையத்தார் கொள்கை. மூன்றாவதே சித்தாந்தம். ஆயினும் அதைச் செவியுறாத ஆய்வாளர் அதே பொத்தானை மீண்டும் மீண்டும் அழுத்துவார் (ம.ஒ., வரி 1: “ஒரு தடவை அமுக்கு”).

அடுத்து ம.ஒ.வின் இரண்டாம் வரி. இதன் பாடம் குறித்து அறிஞரிடையே ஒருமைப்பாடு இல்லை. “சின்ன ஃபைல் போடாதே, கட்டிப் போடு” என்பது ஒரு பாடம். “சின்ன ஃபைல் போடாதே, காட்டிப் போடு” என்பது மற்றொன்று. வேறுபாடு ஒரு துணைக்கால். அது துணைக்காலா தேநீர்க் கறையா என்பதுதான் இவ்வாய்வுலகின் தீராத பூசல்.

கட்டிப் போடு என்று பாடங்கொள்வார் தொழில்நுட்பத்தைத் துணைக்கு அழைக்கின்றனர். நாடா வேகமாக ஓடிக்கொண்டே எழுதும்போதுதான் அதற்கு முழுத்திறன். குட்டிக் கோப்புகள் ஆயிரக்கணக்கில் வந்தால் ஒவ்வொன்றுக்கும் நின்று, குறியிட்டு, மறுபடி கிளம்பவேண்டும். எடுக்கும்போதோ ஒவ்வொன்றையும் தனித்தனியே தேடவேண்டும். ஆதலால் டார் அல்லது ஜிப் மூட்டையாகக் கட்டிப் போடுவதே முறை. எச்.பி.எஸ்.எஸ்.ஸுடன் சேர்த்து வழங்கும் எச்-டார் என்ற கருவி மூட்டை கட்டும்போதே உள்ளடக்க அட்டவணையும் எழுதிவிடுவதால், மூட்டை முழுவதையும் அவிழ்க்காமல் ஒரு கோப்பை மட்டும் எடுக்கலாம். கையேடும் ஏறத்தாழ இதையே சொல்கிறது. எனினும் கையேடு துணைமைச் சான்று என்பதை மறக்கலாகாது.

காட்டிப் போடு என்று பாடங்கொள்வாரோ நெறியாளரிடம் காட்டாமல் எதையும் போடக்கூடாது என்று பொருளுரைப்பர். இவர்களுள் பெரும்பாலோர் நெறியாளர்கள். அவர்கள் காட்டும் சான்று (வெண்பலகை, வலப்பக்க மேல்மூலை, ‘அழிக்காதீர்’ என்று கட்டம் கட்டிய பகுதிக்குள் அழிந்துபோன வரி) வலுவானதன்று. கறை என்போர் காட்டும் சான்றும் (தேநீர் இடைவேளைப் பேச்சு, இரண்டாம் கோப்பை, பேசியவர் பின்னர் மறுத்தார், மறுத்தமைக்குச் சான்று மேற்படி, மூன்றாம் கோப்பை, மூன்றாம் கோப்பையே இடைச்செருகல் என்பாரும் உளர்) அத்தகையதே. தாளை எழுதிய தமிழ் மாணவர் பட்டம் பெற்றுப் போய்விட்டார். அவருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டால் சிக்கல் தீர்ந்துவிடும். தீர்ந்துவிடும் என்பதாலேயே எவரும் கேட்கவில்லை. மூலநூலாசிரியர் உயிருடன் இருப்பது பதிப்பாசிரியருக்கு எப்போதுமே இடையூறு.

பெயர்மாற்றம் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

நகர்த்தல்: இது ஒரு கோப்பு இருக்குமிடம் தெரியாமற்போக எடுக்கப்படும் முயற்சி.

பதிவிறக்கம் நம் கருதுகோளுக்கு முரணானது என்பதால் சற்று நிதானிக்கவேண்டும். இதுபற்றி மெய்யாகவே ஓர் ஆய்வு உண்டு. டிமதி வைன்ஸும் அவருடைய உடனாய்வாளர்களும் 2 முதல் 22 ஆண்டு வரை பழையனவான 516 கட்டுரைகளை எடுத்துக்கொண்டு, அவற்றின் ஆசிரியர்களிடம் தரவைக் கேட்டுப் பார்த்தார்கள். ‘கரண்ட் பயாலஜி’ இதழில் வெளிவந்த முடிவு: கட்டுரைக்கு வயது ஓராண்டு கூடுந்தோறும் தரவு எஞ்சியிருப்பதற்கான வாய்ப்பு விகிதம் 17 விழுக்காடு சரிகிறது. தரவு தொலைந்திருக்கிறது, அல்லது இன்றைக்கு எந்தக் கணினியிலும் நுழையாத பழைய வட்டில் மாட்டிக்கொண்டிருக்கிறது. “தரவு ஆசிரியரிடம் கேட்டுப் பெறத்தக்கது” என்று கட்டுரையின் கடைசி வரியில் எழுதுகிற வழக்கத்தை இனி மங்கல வாழ்த்தோடு சேர்த்துக்கொள்வது பொருந்தும். களஞ்சியத்தில் வைத்திருந்தால் கிடைத்திருக்குமே எனின், கிடைத்திருக்கும். எந்தக் கோப்புறையில் என்பதுதான் கேள்வி. அதற்குப் பின்னர் வருவோம்.

அழித்தல் மட்டும் நகைப்புக்கு இடமில்லாத பகுதி. கியோட்டோ பல்கலைக்கழகத்தின் மீக்கணினிச் சேமிப்பில் 2021 டிசம்பரில் நடந்தது இது. பழைய பதிவுக்குறிப்புகளை நீக்கவேண்டிய சிறு நிரலை, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றி எழுதிவிட்டார்கள். நிரல் குழம்பிப்போய்ப் பதிவுக்குறிப்புகளை விட்டுவிட்டு ஆய்வாளர்களின் கோப்புகளை நீக்கத் தொடங்கியது. போனது 77 டெராபைட், சுமார் 3.4 கோடி கோப்புகள். 14 ஆய்வுக்குழுக்கள் பாதிக்கப்பட்டன. அவற்றுள் நான்கு குழுக்களின் தரவை மீட்க வழியில்லை என்று அறிவிக்கப்பட்டது. காப்புப்படி எடுக்கும் ஏற்பாட்டில்தான் இந்தப் பிழை நேர்ந்தது. இதைப் படித்த பிறகு, அழிக்கட்டுமா என்று கேட்டு வலைமுகப்பு காட்டும் சிறு பெட்டியின் மேல் எரிச்சல் கொள்வது தகாது. ஆய்வாளர்கள் அதைப் படிக்காமலே ‘ஆம்’ அழுத்துகிறார்கள் என்பது வேறு.

இனி இவ்வாய்வின் உயிர்நிலையான ‘இதர’.

எத்துறைப் பேராசிரியரின் களஞ்சியத்தைத் திறந்தாலும் ‘தரவுகள்’, ‘கட்டுரைகள்’, ‘நிதிநல்கை’ என்று பெயர்பெற்ற கோப்புறைகள் வரிசையாக நிற்கும். அவை பெரும்பாலும் காலி. மாநாட்டில் திரையிட்டுக் காட்டுவதற்காகப் படைக்கப்பட்டவை. உண்மையான வாழ்க்கை ‘இதர’ என்னும் கோப்புறைக்குள் நடக்கிறது. இது நால்வகைப்படும்: தனி இதர, திங்களுற்ற இதர, எண்ணுற்ற இதர, உள்ளிதர.

தனி இதரவாவது வெறும் ‘இதர’. திங்களுற்றதாவது ‘இதர மார்ச்’. எந்த ஆண்டு மார்ச் என்பது நூலாசிரியர் கருத்தில் மட்டும் உள்ளது. எண்ணுற்றதாவது ‘இதர 2’. முதல் இதர நிரம்பியபின் இது தோன்றியிருக்கவேண்டும் என்று கொள்வர் சிலர். அற்றன்று, கோப்புறை நிரம்புவதில்லை. நிரம்பியது பேராசிரியரின் மனம். அதற்குள் மறுபடி போய்ப் பார்க்கும் தெம்பு இல்லாதபோது இரண்டாவது பிறக்கிறது. உள்ளிதரவாவது இதரவுக்குள் இதர. அதற்குள்ளும் ஒன்று இருக்கும். இந்த அடுக்கின் ஆழம் பணிமூப்புக்கு ஏற்ப மிகும். அடியாழத்தில் கிடப்பது பெரும்பாலும் ஒரு விடுப்பு விண்ணப்பம். அது இரண்டு ஊர்களில், இரண்டு நாடாக்களில், தீயும் வெள்ளமும் தீண்டாமல், நம் எல்லோருக்கும் பிறகும் இருக்கும்.

வகைப்படுத்தத் தெரியாதவர் செய்கிற சோம்பேறித்தனத்துக்கு இலக்கணமா எனின், அவசரப்படவேண்டாம். தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் எட்டு இயல்களை எழுதிவிட்டு, அவற்றுள் அடங்காதவற்றுக்கென ஒன்பதாவதாக வைத்தது எச்சவியல். அமிதசாகரர் யாப்பருங்கலக்காரிகைக்கு உறுப்பியல், செய்யுளியல் என்று இரண்டு இயல் வகுத்தபின் மூன்றாவதற்கு இட்ட பெயர் ஒழிபியல். இரண்டும் இதரக் கோப்புறைகளே. வேறுபாடு, அவர்கள் அதற்குள் வைத்தது என்ன என்று அவர்களுக்குத் தெரியும்.

மேலைநாட்டார் இத்துறையில் நம்மை விஞ்சினர். மெல்வில் டியூயி 1876இல் வெளியிட்ட தசமப் பகுப்பு முறை இன்றும் உலகெங்கும் நூலகங்களை ஆள்கிறது. அதில் அமெரிக்க இலக்கியத்துக்கு 810, ஆங்கிலத்துக்கு 820, ஜெர்மனுக்கு 830, பிரெஞ்சுக்கு 840 என்று ஆளுக்கொரு வீடு. இத்தாலியம், ஸ்பானியம், லத்தீன், கிரேக்கம் நான்கும் 880 வரைக்கும் குடியேறிவிடுகின்றன. மிச்சமிருக்கும் உலகம் முழுவதற்கும் 890: ‘இதர இலக்கியங்கள்’. சீனமும் அரபும் சமஸ்கிருதமும் அங்கேதான். தமிழ் இலக்கியம் 894.811. ஈராயிரம் ஆண்டுப் பழமை பற்றி மேடைதோறும் முழங்கிவிட்டு வந்து நூலகத்தில் பார்த்தால், சங்க நூல்கள் அத்தனையும் முதுகில் இந்த எண்ணை ஒட்டிக்கொண்டு, டியூயியின் இதரக் கோப்புறைக்குள், புள்ளிக்கு அப்பால் மூன்றாம் இலக்கத்தில் நிற்கின்றன. சென்னைப் பல்கலைக்கழக நூலகர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1933இல் கோலன் பகுப்பு முறையை வெளியிட்டு வேறு வழி காட்டினார். அவரைப் போற்றாத நூலகவியல் கருத்தரங்கு இல்லை. அவர் முறையைப் பின்பற்றும் நூலகத்தைத்தான் தேடவேண்டியிருக்கிறது.

ஆகவே ‘இதர’ என்பது வகைப்படுத்தலின் தோல்வி அன்று. வகுத்தவர் எதையெல்லாம் பொருட்படுத்தவில்லை என்பதற்கு அவரே கையொப்பமிட்டுத் தந்த ஒப்புதல் அது. வைன்ஸ் குழுவினர் தேடிய தரவுகளும் அதற்குள்ளேதான் இருந்திருக்கவேண்டும் என்பது இவ்வாய்வாளரின் துணிபு. சான்று: ம.ஒ., வரி 3. அவ்வரி திரையின் சட்டத்துக்குப் பின்னால் மடிந்திருப்பதால் இதுவரை படிக்கப்படவில்லை.

பகிர்வுரிமைகள்: யாவர்க்கும் திறந்துவைத்தல், ஒருவர்க்கும் திறவாதிருத்தல் என இரண்டே. இடைப்பட்டவை கையேட்டில் உள்ளன.

மேலாய்வுக்குரிய களமாக ‘புதிய கோப்புறை (2)’ என்பதைப் பரிந்துரைக்கலாம். இது பல களஞ்சியங்களில் தனித்தே காணப்படுகிறது. முதலாவது எங்கே போயிற்று என்பதே ஆய்வுச் சிக்கல். நிதிநல்கை கிடைத்தால் மூன்றாண்டுகளில் முடிக்கலாம். கிடைக்காவிட்டால் ஒரு பிற்பகல் போதும்.