மணிகளும் மதிப்பெண்களும்

கேள்வி: மகளை மாண்டிசோரி பாலர் பள்ளியில் சேர்த்தோம். எந்நேரமும் மணிகளோடுதான் இருக்கிறாள், சோதனையே கிடையாது. கணக்கில் பின்தங்கிவிடுவாளோ?
– ஒரு தாய், லகாட்

பதில்: அந்த மணிகள்தாம் கணக்குப் பாடம், அம்மா! ஒரு மணி ஒன்று, கோத்த கம்பி பத்து, சதுரம் நூறு, கனசதுரம் ஆயிரம். ஆயிரத்தைக் கையில் தூக்கிப் பார்த்த பிள்ளை, அதன் கனத்தை மறக்காது. இம்முறை நமக்குப் புதிதும் அல்ல: இதை உருவாக்கிய மரியா மாண்டிசோரியே 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து, ஆசிரியர்களுக்குத் தம் முறையில் பயிற்சி அளித்தார். சோதனை என்றால், இங்கே மலேசியாவில் ஆறாம் ஆண்டு மாணவர்கள் எழுதிவந்த யூ.பி.எஸ்.ஆர். தேர்வே 2021-இல் ரத்தாகிவிட்டது. போன தேர்வுக்கு இன்னும் ஏன் காய்ச்சல்? ஆனாலும், தமிழ்ப்பள்ளி முதலாம் ஆண்டில் தாளில் கணக்குப் போட வேண்டுமே! ஆகவே ஆசிரியரிடம் மதிப்பெண்ணைக் கேட்காதீர்கள். “பத்து மணிகளை ஒரு கம்பிக்கு மாற்றி, அதை எழுதியும் காட்டுவாளா?” என்று கேளுங்கள். காட்டினால், கவலையைக் கழித்துவிடுங்கள்.